விரல் நுனியில் எழுத்து

தொண்டைநாடு ஈன்ற புலவர்களுள் அந்தகக்கவி வீரராகவ முதலியார் ஒருவர். அவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பிறவியிலேயே பார்வையற்றவராயினும், திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலிய நூல்களை இயற்றிப் புகழ் பெற்றார். அவர் எழுத்தறிந்த வகையைப் பெரியோர் வியந்து கூறுவர். பிறர் தம் விரலால் அவர் முதுகில் எழுத்தின் வடிவை வரைந்து காட்ட, அவ்வரைவின் போக்கை உணர்ந்து அவர் நெடுங்கணக்கைக் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கண்ணின் தொழிலை முதுகு செய்தது! ஆயினும், எழுதிக் காட்ட ஒருவர் எப்பொழுதும் அருகில் இருத்தல் வேண்டும். அவர் எழுந்து சென்றால் எழுத்தும் அவருடன் சென்றுவிடும்.

பிறர் கையை எதிர்பாராமல் பார்வையற்றோர் தாமே படிக்கவும் எழுதவும் வழி கண்டவர் லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் 1809ஆம் ஆண்டு பிறந்தார். குதிரைச் சேணம் தைப்பது அவர் தந்தையின் தொழில். மூன்று வயதில் அப்பட்டறையில் விளையாடும்போது தோல் துளைக்கும் குத்தூசி அவருடைய ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் மற்றொரு கண்ணையும் பற்றியது. பார்வை முற்றும் போயிற்று. பத்து வயதில் அவர் பாரிசு நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியிற் சேர்ந்தார்.

அப்பள்ளியிலும் நூல்கள் இருந்தன. ஆனால் அவை கண்ணுடையோர் படிக்கும் எழுத்துகளையே பெரியனவாகப் புடைக்குமாறு அச்சிட்டவை. ஒவ்வோர் எழுத்தையும் சுற்றிச் சுற்றித் தடவி அறிவதற்குள் முன்னெழுத்து மறந்துபோகும். கண்ணுக்கென்று அமைந்த வடிவம் விரலுக்கு எங்ஙனம் பொருந்தும்? இருளிலும் படிக்குமாறு பார்பியே என்பவர் அமைத்திருந்த புள்ளி முறை அக்காலத்தில் அப்பள்ளிக்கு வந்தது. அதில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள்வரை இருந்தமையால் அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதனைப் பாதியாகக் குறைத்தார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இவ்வாறு புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் 63 வடிவங்கள் பெறலாம். 1824இல் இதனைக் கண்டபோது அவருக்கு வயது 15. அவருடைய நாடு அம்முறையை ஏற்றுக்கொண்டது 1854ஆம் ஆண்டில். அவர் இறந்ததோ 1852இல்.

தமிழ்நாட்டில் 1890ஆம் ஆண்டளவில் ஆஸ்க்வித் என்னும் ஆங்கில மாது பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். பின்னர், இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக அமைந்த 'பாரதி பிரெயில்' 1951இல் ஏற்கப்பட்டது. தமிழ் இன்று அம்முறையிலேயே எழுதப்படுகிறது.

அம்முறை தமிழுக்குப் பொருந்தும் அழகை ஒரு சொல்லைக் கொண்டே காணலாம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குச் செல்லும் வழியில் ஓரிக்கை என்னும் ஊர் உள்ளது. ஊரை விட்டு நீங்கிய கணிகண்ணனுடனும் திருமழிசையாழ்வாருடனும் திருமாலும் சென்று அங்கே ஓர் இரவு தங்கினார் என்றும், 'ஓரிரவிருக்கை' என்பதே ஓரிக்கை என மருவிற்று என்றும் கூறுவர். அவ்வூர்ச் சிறுவன் ஒருவன் பார்வையற்றவன் என்று கொள்வோம். அவன் பிரெயில் சட்டத்தில் தடித்த தாளைப் பொருத்தி, சிறு எழுத்தாணியால் தன் ஊர்ப்பெயரைக் குத்துகிறான். முதலில் ஓ, அடுத்து ர, இ, அதன்பின் 4ஆம் புள்ளியாகிய மெய்க்குறி, க, பின்னர் க, ஐ. ஏழு கட்டங்களில் ஊர் முழுவதும் அடங்கிவிடுகிறது. வலமிருந்து இடமாகக் குத்திய தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

'கை' என்று நாம் எழுதும்போது ஐகாரக்குறி ககரத்திற்கு முன்னே நிற்கிறது. பிரெயிலிலோ ககரம் முன்னும் ஐகாரம் பின்னும் நிற்கின்றன. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் இலக்கணம் அன்றோ! அவ்வகையில், நம் அச்செழுத்தினும் அவன் எழுத்தே இலக்கணத்திற்கு நெருங்கியது.

இக்காலத்தில் கணிப்பொறியே நூலைப் படித்துக் காட்டுகிறது. பார்வையற்றவர்களாகிய மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் ஆஸ்திரேலியர் இருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள், திரையில் உள்ளவற்றைக் குரலாக மாற்றித் தருகிறது. அதற்கு விலையும் இல்லை. பெருநூல்களை விரைந்து கேட்க இதனினும் சிறந்த துணை இல்லை. ஆனால் செவி எழுத்தைக் காட்டாது. ரகரத்தையும் றகரத்தையும், நகரத்தையும் னகரத்தையும் இன்றைய பேச்சில் ஒலியால் பிரித்தறிதல் அரிது. கேட்டு மட்டுமே கற்ற சிறுவன் 'ஓறிக்கை' என்று எழுதினால் அவன்மீது குறை கூறலாமா? ஆனால் அவ்வாறு எழுதும்போது 'ஓர் இரவு' என்னும் பொருள் அவன் ஊர்ப்பெயரிலிருந்து மறைந்துவிடுகிறது. விரலால் படித்தவனுக்கு அம்மயக்கம் இல்லை. கணிப்பொறியுடன் இணைந்து, சிறு ஊசிகள் எழுந்தும் தாழ்ந்தும் பிரெயில் வரியை அமைத்துக் காட்டும் கருவிகளும் இன்று உள்ளன, விலைதான் மிகுதி.

சட்டமும் எழுத்தாணியும் அவ்வளவு விலையுடையன அல்ல. ஆயினும், பிரெயில் அறிந்த ஆசிரியர் இல்லாத பள்ளியில் அச்சிறுவன் எழுதிய ஏடு திருத்துவாரின்றி மேசைமேல் கிடக்கும். அவன் வாயால் சொல்ல, வேறொருவர் எழுதித் தருவர். வீரராகவருக்கு வேண்டியிருந்த பிறர் கை மீண்டும் வந்துவிடுகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, மெய்க்குறி ஒன்று ஆக ஆசிரியர் கற்கவேண்டிய குறிகள் 32. அவர் விரலால் தடவவும் வேண்டியதில்லை. தாளைச் சன்னலோரம் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், புள்ளிகளின் நிழலைக் கண்ணாலேயே படிக்கலாம்.