கேபினெட்டுக்குள் போகும் பணம்

கொட்டேஷன் சீட்டின் முதல் வரியில் எப்போதும் பிராசசர்தான். அதன்கீழ் போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு. இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வரி கிடையாது. ‘கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்று கடைசிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். என்ன மென்பொருளுக்காக இந்த சிஸ்டம் என்று எழுத அந்தச் சீட்டில் இடமே இல்லை. கடையில் கேட்பதும் ஒரே கேள்வி: “கேமிங்கா சார், எடிட்டிங்கா, ஆபீஸ் யூஸா?”

அக்கா மகள் பி.ஆர்க். முதலாண்டு. அந்த மூன்றில் எதிலும் அவள் வரமாட்டாள்.

*

சீனியர்களிடம் கேட்டு அவள் எழுதிவந்த பட்டியல்: ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட், லூமியன், போட்டோஷாப், இன்டிசைன். இப்போதைக்குப் பலகை, டிராஃப்டர், ட்ரேசிங் பேப்பர். திரை இனிமேல்தான். அந்தத் தாளிலேயே, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எதைத் தின்னும் என்று எழுதிப் பார்த்தோம்.

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வந்தது. இன்றைக்கும் அதன் வேலையில் பெரும்பகுதி பிராசசரின் ஒரே கோரில்தான் நடக்கிறது. பதினாறு கோர் வாங்கிக்கொடுத்தாலும் கோடு இழுக்கும்போது மற்ற பதினைந்தும் சும்மா இருக்கும். ஸ்கெட்ச்அப்பில் மாடல் செய்வதும் அப்படியே. ஆகவே எண்ணிக்கை வேண்டாம், ஒற்றைக் கோரின் வேகம் வேண்டும்.

லூமியன் நேர் எதிர். பிராசசரை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, கார்டை உறிஞ்சிவிடும். ரெவிட்டுக்கு ராம். போட்டோஷாப்புக்கும் ராம். எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் வேண்டும், ஆனால் அதில் ஆடம்பரம் தேவையில்லை. நொடிக்கு 3,500 எம்பி படிக்கும் என்விஎம்இ-க்கும் 7,000 படிக்கும் என்விஎம்இ-க்கும் ஃபைல் திறப்பதில் வித்தியாசம் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இரண்டில் எதற்கு மாறினாலும் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

*

எதிர்வீட்டுப் பையன் மெக்கானிக்கல். அவனுக்கு சாலிட்வொர்க்ஸ். அதிலும் ஒற்றைக் கோர்தான், காரணம் வேறு. ஒரு துளை முந்தைய தளத்தை நம்பி நிற்கிறது. அந்தத் தளம் அதற்கு முந்தைய ஸ்கெட்ச்சை நம்பி நிற்கிறது. அளவு ஒன்றை மாற்றினால் வரிசைப்படி ஒவ்வொன்றாகத்தான் மறுபடி கட்டவேண்டும். ஆறு பேரை வைத்தாலும் ஆறாவது ஆள் ஐந்தாமவருக்காகக் காத்திருப்பார். அதே மாடலை ரெண்டர் செய்யும்போது எல்லாக் கோரும் வேலை செய்யும். ஒரே மென்பொருளுக்குள் இரண்டு சுபாவம்.

*

“லேப்டாப்பே வாங்கிடலாமே, தூக்கிட்டுப் போகலாம்ல?” என்று அக்கா.

நியாயமான கேள்வி. ஹாஸ்டல் என்றால் நானே லேப்டாப் என்றிருப்பேன். இவள் விழுப்புரத்தில் வீட்டிலிருந்து கல்லூரி பஸ்ஸில் போய்வருகிறாள். ரிவ்யூவுக்கு ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துச் சுருட்டிக்கொண்டு போகிறாள். இன்னொன்று, கார்டின் பெயர். லேப்டாப்பிலும் ஆர்டிஎக்ஸ் 4060 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் லேப்டாப் 4060-க்குக் கம்பெனிக்காரர்கள் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கு வேண்டுமானாலும் வரம்பு வைக்கலாம். மெல்லிசாக அழகாக இருக்கும் மாடலில் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். பெட்டியின்மேல் அந்த வாட் கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

ஐந்து வருடப் படிப்பு. டெஸ்க்டாப்பில் மூன்றாம் வருடம் கார்டை மட்டும் மாற்றலாம். அக்கா ஒத்துக்கொண்டது இதற்குத்தான்.

மேக் பேச்சும் வந்தது, பெங்களூர்ச் சித்தப்பா வழியாக. ரெவிட் மேக்குக்கு வருவதில்லை. பேச்சு அங்கே நின்றது.

*

வாங்கப் போனது சென்னை ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடைதூரம். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கிய தெரு. நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்துத்தான் எல்லாரும் ரிச்சி என்கிறார்கள். ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி அடுத்த கடையில் காட்டுவது அங்கே பழைய வழக்கம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்தமுறை ராமில் மட்டும் அது பலிக்கவில்லை. “காலையில வாங்குன கொட்டேஷன் சாயங்காலம் செல்லாது சார். ராம் ரேட்டு டெய்லி ஏறுது.”

பொய்யில்லை. 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க இதே கதை. ராமுக்குள் இருக்கும் டிராம் சிப்பில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகளின் கையில். ஏஐ சர்வர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்று தொழிற்சாலைகளை அந்தப்பக்கம் திருப்பிவிட்டார்கள். டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. விழுப்புரத்தில் ஒரு பெண் வீட்டுப் பிளான் வரைய வாங்கும் ராம் குச்சி இரண்டு மடங்கைத் தாண்டி விலை ஏறியதற்கு, எங்கோ யாரோ சாட்பாட்டிடம் கேள்வி கேட்பதும் ஒரு காரணம். சிரிப்பு வரவில்லை.

*

ராம் பற்றி வீட்டில் நடந்த விவாதம். 32 ஜிபி வேண்டும் என்பது என் ஆசை. பட்ஜெட் மானிட்டரோடு சேர்த்து ஒரு லட்சம். அதற்குமேல் மச்சான் அசையவில்லை, அசையவும் தேவையில்லை.

ஆக 16. இரண்டு எட்டா, ஒரு பதினாறா? இரண்டு குச்சி போட்டால் இரண்டு சேனலிலும் ஓடும், வேகம் கூடும். எந்த வீடியோவைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இரண்டு எட்டைப் போட்டுவிட்டால் நாளைக்கு 32 ஆக்கும் நாளில் வழி குறுகும். நாலு ஸ்லாட் உள்ள போர்டிலும் நாலையும் நிரப்பினால் டிடிஆர்5 வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓடும். இல்லையென்றால் எட்டுகளைக் கழற்றி விற்கவேண்டும். ஒரு பதினாறாகவே வாங்கினோம். ரெவிட்டுக்கு ஆட்டோடெஸ்க் சொல்லும் கணக்குப்படி சுமார் 300 எம்பி மாடல் வரை 16 ஜிபி தாங்கும். முதல் இரண்டு வருட மாணவியின் வீட்டுப் பிளான் அந்த அளவைத் தொடுவது கஷ்டம். வேகம் கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இடம் போதாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்க ஆரம்பித்தால்தான் பொறுக்கமுடியாது.

*

பிராசசரில் அதிகம் யோசிக்கவில்லை. ரைசன் 5 7600. ஆறு கோர், 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், கூலர் பெட்டியோடு வருகிறது, உள்ளேயே சின்ன கிராபிக்ஸும் உண்டு. கார்டு ரிப்பேருக்குப் போனால் படம் தெரியவாவது வழி. இன்டெலில் கடைசியில் ‘எஃப்’ என்று போட்ட மாடல்கள் கொஞ்சம் மலிவு. அவற்றில் அந்தச் சின்ன கிராபிக்ஸ் கிடையாது. இந்த ரைசனின் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்பாலும் வைத்திருப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

*

கார்டுதான் கடைக்காரருக்கும் எனக்கும் நிஜமான சண்டை.

அவர் 5060 எடுக்கச் சொன்னார். 2025-இல் வந்தது, வேகம், 8 ஜிபி. நான் கேட்டது 3060, 12 ஜிபி. 2021 பிப்ரவரியில் வந்த கார்டு. “பழைய மாடலை ஏன் சார் கேக்குறீங்க, எஃப்பிஎஸ் கம்மியா வரும்.” வரும்தான். ஆனால் இவள் எஃப்பிஎஸ் எண்ணப்போவதில்லை. லூமியனில் ஒரு பள்ளிக்கூட வளாகம் வைத்து, சுற்றி வேப்பமரம், புல், பத்து வகைச் செங்கல் டெக்ஸ்சர் என்று போட்டால் அவ்வளவும் கார்டின் நினைவகத்துக்குள் உட்காரவேண்டும். உட்காராததைச் சிஸ்டம் ராமுக்குத் தள்ளும். அந்த நிமிடத்திலிருந்து எல்லாம் ஊரும், சில சமயம் நிரலே மூடிக்கொள்ளும். மெதுவான 12 முடித்துத்தரும் வேலையை வேகமான 8 பாதியில் விட்டுவிடும் என்பது என் கட்சி. 16 ஜிபி 5060 டிஐ எடுத்திருந்தால் இந்த வாதமே இல்லை, பட்ஜெட்டும் இல்லை.

கேம் ஆடுகிற பையனுக்கு என்றால் கடைக்காரர் சொன்னதுதான் சரி. அதையும் அவரிடம் சொன்னேன். அப்புறம்தான் டீ வந்தது.

*

இப்போது எஸ்எம்பிஎஸ். இதைப்பற்றி எழுதத்தான் இந்த நோட்டையே எடுத்தேன் என்றும் சொல்லலாம்.

கேபினெட்டோடு இலவசம்போல் வரும் டப்பா ஒன்றைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன். ‘450 வாட்’ என்று பெரிதாக. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில்தான். 3060-க்கு 170, 7600 முழுமூச்சில் ஓடும்போது 88, ஆக 258. அட்டைமேல் 450, உள்ளே இருப்பது போதவில்லை. ஷீட் சப்மிஷனுக்கு முந்தைய இரவு ரெண்டர் பாதியில் இருக்கும்போது மெஷின் அணைந்தால், அந்தப் பெண் வைரஸ் என்று நினைப்பாள், விண்டோஸ் என்று நினைப்பாள். இதை நினைக்கமாட்டாள்.

எஸ்எம்பிஎஸ் தனியாக, 550 வாட், ‘ப்ரான்ஸ்’ தரம். கேபினெட் தனியாக, முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலை உள்ளது. மே மாத விழுப்புரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஃபேன் வைத்தால் சூட்டையே சுற்றிச் சுற்றி விடும். வலையில் தூசி ஏறும், துடைத்துக்கொள்ளலாம். ஃபேன்களில் லைட் வேண்டாம் என்றுதான் சொன்னாள், ஆனால் அந்த விலையில் லைட் இல்லாத கேபினெட்டே கடையில் இல்லை. அக்கா பார்த்துவிட்டு, “இவ்ளோ லைட்டு எதுக்குடி, கொலு வைக்கப்போறியா?”

*

யூபிஎஸ்: பரணில் கிடக்கும் 600 விஏ ஆகாது. அந்த அளவு யூபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட்தான். மானிட்டரும் சேர்ந்து, ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அதுவும் போய்விடும். 1 கேவிஏ.

*

அசெம்பிள் செய்ததைச் சுருக்கமாக. சாப்பாட்டு மேஜைமேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு. ஏஎம்5-இல் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டில். கைபட்டு ஒன்று வளைந்தால் வாரண்டி பேச்சே எடுக்கமாட்டார்கள். லீவரை அழுத்தும்போது மேலிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து விழும். தூக்கிப்போடாதே என்றேன், போர்டு வாரண்டிக்குப் போகும் நாளில் அந்த மூடி இல்லாமல் வாங்கமாட்டேன் என்பவர்கள் உண்டு. ஒற்றை ராம் குச்சி பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில். பவர் பட்டனின் பொடி ஒயர்களை அவளே மாட்டினாள். ஸ்கேல் பிடித்துப் பழகிய கை, எனக்கு நடுங்குமளவு அவளுக்கு நடுங்கவில்லை.

ஆன் செய்ததும் திரை கறுப்பு. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, படம் இல்லை. மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை. டிடிஆர்5 ராமை முதல்முறை பார்க்கும் போர்டு அதைச் சோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் பயந்து ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் வேலை. எச்டிஎம்ஐ ஒயர் போர்டிலா கார்டிலா என்பதை அந்த இடைவேளையில் சரிபார்க்கலாம், கார்டில் இருக்கவேண்டும்.

*

“மாமா, டப்பாவத் தொட்டா கரண்ட் அடிக்குது.”

புது எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று மச்சான் அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். டெஸ்டரை வைத்தால் கேபினெட்டில் மெலிதாக எரிகிறது. பழுது எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. இரைச்சலை வடிகட்ட அதற்குள் லைனிலிருந்து கேபினெட் உடம்புக்கும் நியூட்ரலிலிருந்து கேபினெட் உடம்புக்கும் சின்னச் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் கசிவது அதன்வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, சுருக்கென்று மட்டும் இருக்கும். எலக்ட்ரீஷியன் வந்து சுவர்ப்பெட்டியைத் திறந்தார். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. அந்த அறை கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது; இரும்பு கேபினெட்டோடு ஒன்று வந்து நிற்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

*

ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசம். கல்லூரி அடையாளத்தைக் காட்டி வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். யாரோ பென்டிரைவில் ‘கிராக்’ கொண்டுவந்து கொடுக்கத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

*

மானிட்டர் 24 அங்குலம், ஐபிஎஸ், 1080. எனக்கு இதில் திருப்தியில்லை. 27 அங்குலத்தில் 1440 இருந்திருந்தால் ஏ1 ஷீட்டை ஓயாமல் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கவேண்டியதில்லை. பிராசசரும் கார்டும் மாறிக்கொண்டே இருக்கும், மானிட்டர் பத்து வருடம்கூட நிற்கும், கண் பார்ப்பதும் அதைத்தான். ராம் விலை இப்படி ஏறாமல் இருந்திருந்தால் அந்தப் பணம் இங்கே வந்திருக்கும்.

*

லூமியனை அவசரமாகத் தரவிறக்கிச் சீனியர் ஒருத்தியின் ஃபைலைத் திறந்து பார்த்தாள். டாஸ்க் மேனேஜரில் கார்டின் நினைவகம் எட்டைத் தாண்டிப் பத்துப் பக்கம் போய் நின்றது. ராமும் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. இரண்டாவது 16 என்றைக்காவது வாங்கவேண்டும். அதே பார்ட் நம்பராக இருந்தால் தொல்லை குறைவு. ஸ்டிக்கரில் இருப்பதைப் படம் எடுத்து அவளுக்கும் அனுப்பிவிட்டேன், ஜிஎஸ்டி பில்களோடு சேர்த்து. விலை இறங்கியதா என்று அவ்வப்போது கேட்டுச்சொல்லும் வேலை மச்சானுக்கு.