அம்மம்மாவின் வாசலும் வற்றாப்பளைப் பொங்கலும்

வைகாசி பிறந்துவிட்டால் வன்னி மண்ணில் பிறந்தவர்களுக்கு வற்றாப்பளை நினைவு வந்துவிடும். எங்கே இருந்தாலும் "இந்த முறை பொங்கல் எப்ப?" என்று விசாரிப்பார்கள். எனக்கு அந்த நினைவோடு என் அம்மம்மாவின் முகமும் சேர்ந்தே வரும். பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த அந்தப் பயணத்தைச் சென்ற வைகாசியில்தான் மகளோடு மேற்கொண்டேன்.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் மாங்குளம் சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டானைக் கடக்கும்போது, தான்தோன்றீஸ்வரர் ஆலயப் பக்கம் பார்த்துப் பேருந்திலிருந்த பெண்கள் கும்பிட்டார்கள். அதன் பின் முள்ளியவளை, தண்ணீரூற்று. அம்மம்மாவின் வீடு அங்கேதான் இருந்தது. ஊரின் பெயருக்கேற்ற நல்ல தண்ணீர்க் கிணறு முற்றத்தில். அதன் அருகே ஒரு வேம்பு.

அந்த வீட்டுப் படலை பகலில் சாத்தியிருந்து நான் கண்டதில்லை. வந்தவர் யார் என்று அம்மம்மா முதலில் கேட்க மாட்டார். தண்ணீர்ச் செம்பை நீட்டிய பிறகுதான் ஊர், பெயர் எல்லாம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, வன்னிக்கு வந்த ஒரு குடும்பம் எங்கள் மால் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, கரையிலிருந்து ஓடி வந்தவர்களால் விறாந்தை நிறைந்தது. ஈரச் சேலையோடு வந்த பெண்களுக்குத் தன் கொடியில் கிடந்த சேலைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

"ஆரெண்டு தெரியாமல் ஏன் அம்மம்மா உள்ள விடுறீங்கள்?" என்று கேட்டால், வற்றாப்பளைக் கதையைத்தான் சொல்வார்.

மதுரையை எரித்த கண்ணகி, கோபம் தணியாமல் இலங்கைக்கு வந்து பல இடங்களில் தங்கினாளாம். பத்தாவதாக வந்து தங்கிய இடம் பத்தாம்பளை. அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்தாள். பசி என்றாள். அவர்கள் குடில் கட்டி இருத்தி, புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியதும் விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் நீரை அள்ளி ஊற்றச் சொன்னாள்; விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள்; பார்த்தால் தலை முழுவதும் கண்கள்! சிறுவர்கள் திகைத்து நிற்கையில் கிழவி மறைந்துவிட்டாள்.

"அந்தப் பிள்ளையள் ஆரெண்டு விசாரிச்சே சோறு குடுத்தவங்கள், மோனை?" என்று முடிப்பார் அம்மம்மா.

இன்றும் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கேற்றுகிறார்கள். பின்னர் வற்றாப்பளைக்குக் கொண்டு செல்கிறார்கள். திங்கட்கிழமை பொங்கல். தீர்த்தம் எடுத்த நாள் முதல் அம்மம்மாவின் வீட்டில் மச்சம் இல்லை. பொங்கலன்று விடியவே பெரிய கிடாரத்தில் மோர் கரைத்து, வீதியோரம் வைத்து நடந்து வருபவர்களுக்கு வார்ப்பார். காவடிகள் எல்லாம் போன பிறகே அவர் கோயிலுக்குப் போவார்.

பேருந்தில் இவற்றையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இதுவரை சொல்லாத ஒன்றையும் அன்றுதான் சொன்னேன்.

2009 ஏப்ரல். முள்ளிவாய்க்கால் மணலில், தறப்பாளின் கீழே ஒரு பதுங்குகுழி. எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரு சுண்டு அரிசி. மகளுக்கு அப்போது நான்கு வயது. அம்மம்மா உப்புப் போட்டுக் கஞ்சி காய்ச்சினார். பக்கத்துக் குழியில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பால் வற்றிவிட்டது. அம்மம்மா கஞ்சியில் பாதியை வார்த்து அவளிடம் கொண்டுபோனார். நான் கத்தினேன். "உங்கட புண்ணியத்தை என்ர பிள்ளையின்ர வயித்தில அடிச்சே தேடுறீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மகளின் கிண்ணம் நிறைந்துதான் இருந்தது. குறைந்தது அவருடைய பங்கும் என்னுடைய பங்கும். கோபத்தில் அதை நான் பார்க்கவில்லை. பிறகு செட்டிகுளத்து முகாமில், தறப்பாள் வீட்டின் வாசலிலும் அடுத்த வரிசைப் பெண்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர், அந்த ஆண்டு முடியுமுன்பே நோயில் கண்மூடிவிட்டார். "வாற பொங்கலுக்கு ஊரில நிப்பம்" என்றது நடக்கவில்லை. நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

2011இல் போய்ப் பார்த்தபோது கூரை இல்லை. கிணறும் வேம்பும் நின்றன. நான் வவுனியாவிலேயே தங்கிவிட்டேன். படலைக்குப் பூட்டுப் போட்டேன். பெண்பிள்ளையோடு தனியே இருப்பவள். தெரியாத எவரையும் வாசலுக்கு எடுத்ததில்லை.

கோயிலை நெருங்க நெருங்கச் சனம் பெருகியது. நந்திக்கடல் பக்கமிருந்து சோளகக் காற்று மணலை வாரி இறைத்தது. கச்சான் கடைகள், பாற்செம்பு ஏந்திய பெண்கள், தூக்குக்காவடிகள். ஒரு தண்ணீர்ப் பந்தலில் இளைஞன் ஒருவன் மோர்க் குவளையை நீட்டி, "குடியுங்கோ அம்மா" என்றான். என் ஊர், பெயர் எதையும் அவன் கேட்கவில்லை. அந்த மோர் தொண்டையில் இறங்க மறுத்தது.

மே 18 அன்று கஞ்சி காய்ச்சி நினைவுகூர்கிறோம். அதையொட்டியே வைகாசிப் பொங்கலும் வருகிறது. அந்தக் கஞ்சியும் இந்தப் புக்கையும் அம்மம்மாவின் ஒரே அகப்பையால் வார்த்தவை என்று அன்று எனக்குத் தோன்றியது.

எங்கள் பானை பொங்கியது. படைத்து முடிந்ததும், மகள் முதல் இலையை எடுத்துப்போய்ச் சற்றுத் தள்ளித் தனியே இருந்த ஒரு கிழவியிடம் கொடுத்தாள்.

"ஆர் பிள்ளை அவ?" என்றேன்.

"தெரியாதம்மா. பூட்டி எண்டால் கேட்டிருக்க மாட்டா தானே?" என்றாள்.

அம்மனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பையும் அம்மம்மாவிடம் கேட்க வேண்டியதையும் அந்த இடத்திலேயே ஒன்றாகக் கேட்டேன்.

சகோதரிகளே, நாங்கள் இழந்தவை ஏராளம். தனித்து வாழும் பெண்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவைக்க முடியாது; எச்சரிக்கை எங்களுக்கு வேண்டியதுதான். ஆனாலும் எங்கள் பாட்டிமார் விட்டுப்போன சொத்தில் எவராலும் பறிக்க முடியாதது ஒன்று மிஞ்சியிருக்கிறது. வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் விசாரணை என்ற அந்தப் பழக்கம். இப்போது எங்கள் படலைக்கு வெளியே, வேம்பின் கீழ் ஒரு மண்பானையும் குவளையும் வைத்திருக்கிறேன். காலையில் அதை நிரப்புவது மகளின் வேலை.