சொல் விளங்கும் அளவுக்கு

ஈக்குவலைசரின் இரு ஓரக் குமிழ்களையும் ஏற்றி, நடுவிலுள்ளவற்றை இறக்கி வைப்பதில் இளைஞர்களுக்குத் தனி விருப்பம். குமிழ்வரிசை பிறைபோல் வளைந்து நிற்கும், பார்வைக்கு அழகுதான். வெறும் தாளத்துக்கு அது ஒத்துவரலாம். சொல்லை நம்பி நிற்கும் பாட்டுக்கு ஒவ்வாது.

1925இல் பிறந்து 2015இல் மறைந்த நாகூர் ஹனீபா எடுப்பான குரலுக்குப் பெயர் பெற்றவர். அக்குரலையே ஒரு குமிழால் புதைத்துவிட முடிகிறதே!

கன்னிவாடியில் எம் இல்லத்தில் அவர் பாடலைக் கேட்டிருந்த அத்தா, "பாட்டு கேக்குது, சொல்லுதான் வெளங்கல" என்றார். முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளையே. சகரம், தகரம் போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் நுட்பமோ பெரும்பாலும் நொடிக்கு 2000 முதல் 4000 அதிர்வுகளுக்குள் இருக்கிறது. அடியொலி மிகுந்தால் அதையும் மூடிவிடும்.

குமிழ்கள் அனைத்தையும் நடுக்கோட்டுக்குக் கொணர்ந்தோம். சுவர்மூலை அடியொலியைப் பெருக்குமாதலால் ஒலிபெருக்கிப் பெட்டிகளை மூலையிலிருந்து நகர்த்தினோம். பின்னர் 100 அதிர்வுக்குரிய முதற் குமிழைச் சற்றே இறக்கினோம். எதையும் ஏற்றுமுன் மற்றதை இறக்கிப் பார்ப்பது நன்று. எல்லாவற்றையும் ஏற்றினால் ஒலி சிதறும். 3300க்குரிய நான்காம் குமிழை மட்டும் ஒரு கோடு உயர்த்தினோம். அத்தா அடுத்த அடியைத் தாமே முணுமுணுத்தார். "பேஸ் போச்சே" என்று பேரன் முகம் சுளித்தான்.

பழைய ஒலிநாடாக்களில்தான் சிக்கல். கடைசிக் குமிழைத் தாழ்த்தினால் அவற்றின் இரைச்சல் தணியும். சகரங்களும் உடன் மங்கும். இரைச்சலை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.