பாக்கியிருந்த கச்சேரிகள்

எங்கள் சிற்றிதழின் ஏழாவது இதழ் அச்சுக்குப் போகவேண்டிய வாரத்தில் நண்பர் இறந்துபோனார். நால்வராக நடத்திவந்த இதழ் அது. கவிதைகளைத் தேர்ந்தெடுத்தவரும் மெய்ப்புப் பார்த்தவரும் அவரே. காரியங்கள் முடிந்த இரவில், எஞ்சிய மூவரும் அவருடைய அறையில் அமர்ந்து கணக்கு நோட்டைப் புரட்டினோம். சந்தா கட்டிய 62 பேருக்கு இன்னும் இரண்டு இதழ்கள் அனுப்பவேண்டியிருந்தது. நிறுத்திவிடுவதா, வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு தொடர்வதா என்ற கேள்விக்கு எங்களில் எவரிடமும் பதில் இல்லை.

மேசைமீது லெட் செப்பலினின் முதல் இசைத்தொகுப்பு கிடந்தது. முதலில் வெறும் இரைச்சலாகவே எங்களுக்குக் கேட்ட அந்த இசையைப் பொறுமையாகப் பழக்கியவர் அவர். அக்குழு பிறந்த கதையை எத்தனையோ முறை அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்றிரவுதான் அது எங்களுக்குப் பொருள்பட்டது.

லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறருடைய பாடல்களுக்குக் கித்தார் வாசித்துப் பிழைத்தவர் ஜிம்மி பேஜ். 1966இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் சேர்ந்தார். 1968 ஜூலையில் லூட்டனில் நடந்த நிகழ்ச்சியோடு அந்தக் குழு உடைந்தது. பாடகரும் டிரம்ஸ் கலைஞரும் விலகிப்போனார்கள். ஸ்காண்டிநேவியாவில் ஒப்புக்கொண்ட கச்சேரிகளோ பாக்கியிருந்தன.

பேஜ் ஆள் தேடத் தொடங்கினார். முதலில் அழைத்த பாடகர் டெர்ரி ரீட் மறுத்துவிட்டு, ராபர்ட் பிளாண்ட் என்ற 19 வயது இளைஞரைக் கைகாட்டினார். பிளாண்ட் தம் பழைய நண்பர் ஜான் பான்ஹமை டிரம்ஸ் வாசிக்க அழைத்துவந்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பேஜுடன் பழகியிருந்த ஜான் பால் ஜோன்ஸ் தாமாகவே தொடர்புகொண்டு பேஸ் கித்தாருக்கு வந்தார். யார்ட்பேர்ட்ஸில் அதை வாசித்த கிறிஸ் டிரெயா புகைப்படக்கலைக்குப் போய்விட்டார். புதிய குழுவின் முதல் தொகுப்பினுடைய பின்னட்டையில் உள்ள நால்வரின் படத்தை எடுத்தவர் அவர்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர் அந்த அட்டையை எங்கள் கையில் கொடுப்பது வழக்கம்.

ஆகஸ்டில் லண்டன் ஜெரார்ட் தெருவின் நிலவறை ஒன்றில் நால்வரும் முதன்முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி டென்மார்க்கின் கிளாட்சாக்ஸேயில் மேடையேறினார்கள், யார்ட்பேர்ட்ஸ் என்ற பழைய பெயரிலேயே. கடன் தீர்ந்து ஊர் திரும்பிய பிறகுதான், தம் சொந்தப் பணத்தைப் போட்டு, ஏறக்குறைய 36 மணி நேர ஒலிப்பதிவில் முதல் தொகுப்பை முடித்தார் பேஜ். பெயரும் மாறியது. 1969 ஜனவரியில் அது லெட் செப்பலின் என்ற பெயரோடு வெளிவந்தது.

இதுவரையில் கதை எங்களுக்குச் சாதகமாகவே இருந்தது. ஆட்கள் போனால் ஆட்கள் வருவார்கள், இதழைத் தொடரலாம் என்று எண்ணினோம். ஆனால் நண்பர் ஒருபோதும் கதையை அங்கே முடித்ததில்லை. 1980 செப்டம்பர் 25ஆம் தேதி, 32 வயதில் பான்ஹம் இறந்தார். வேறொரு டிரம்ஸ் கலைஞரைத் தேடிப்பிடிப்பது அவர்களுக்குக் கடினமல்ல. தேடவில்லை. இனித் தொடர இயலாது என்று அந்த டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். 2007 டிசம்பரில் லண்டனில் மூவரும் ஒருநாள் முழுக் கச்சேரிக்காகக் கூடியபோது, டிரம்ஸில் அமர்ந்தவர் பான்ஹமின் மகன் ஜேசன்.

1968இல் இருவர் விலகியபோது புதியவர்களைத் தேடிய அதே மனிதர், 1980இல் ஒருவர் போனதும் கித்தாரை இறக்கிவைத்தது ஏன்? முன்னது ஒரு பெயரை மட்டுமே இழந்தது, பின்னது நால்வர் கூடியதால் மட்டுமே பிறந்த ஓசையை இழந்தது என்று எங்களுக்குத் தோன்றியது. எங்கள் இழப்பு இவற்றில் எது என்பதை நாங்கள் விவாதிக்கவில்லை. அவர் பென்சிலால் திருத்திய மெய்ப்புத்தாள்கள் எதிரிலேயே இருந்தன.

பாக்கியிருந்த இரண்டு இதழ்களையும் பழைய பெயரிலேயே கொண்டுவந்தோம். அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கவிதைகள் சரியாக அவற்றுக்குப் போதுமானவையாக இருந்தன. ஆசிரியர் குழுவில் நான்கு பெயர்களையும் அப்படியே அச்சிட்டோம். கடைசி உறையில் தபால்தலை ஒட்டியபின் கணக்கு நோட்டை அவருடைய மனைவியிடம் ஒப்படைத்தோம். இனி ஏதேனும் தொடங்கினால் அதற்கு வேறு பெயர் வைக்கவேண்டும். இன்னும் தொடங்கவில்லை.