கம்போஸ்ட் டீயும் காஞ்சிபுரத்து வெயிலும்

நன்றாக மட்கிய உரத்தைத் துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் தொங்கவிட்டு, மீன்தொட்டி மோட்டாரால் விடாமல் காற்றூட்டி எடுக்கும் கரைசல்தான் கம்போஸ்ட் டீ. உரத்தில் இருக்கும் நுண்ணுயிர்களைத் தண்ணீருக்குள் இறக்கிப் பெருக்கிச் செடிக்குக் கொடுப்பது இதன் நோக்கம். இந்த முறையைப் பரவலாக்கியதில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலிருந்து இயங்கிய மண் நுண்ணுயிரியலாளர் எலைன் இங்காமுக்குப் பெரும் பங்குண்டு. அங்கிருந்து வரும் குறிப்புகள் ஒரு நாள், ஒன்றரை நாள் என்று நேரம் சொல்கின்றன. குளிர்ந்த ஊர்த் தண்ணீருக்கு அது சரி. சித்திரை வெயிலில் காஞ்சிபுரம் பக்கத்து முசரவாக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் அதே கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் வாளி நாறிப்போக வாய்ப்பு அதிகம். நேரத்தையும், நுண்ணுயிர்களுக்கு உணவாகச் சேர்க்கும் வெல்லத்தின் அளவையும் நம் ஊர்ச் சூட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் எளிது. 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை, 35 டிகிரியில் 7. சூடு ஏற ஏறத் தண்ணீரில் காற்று குறைகிறது. நுண்ணுயிர்களின் மூச்சோ, பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கரைசலில் 6 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் வழங்கும் அளவு. அப்படியானால் குளிர்நாட்டுக்காரருக்கு 3 மில்லிகிராம் இடைவெளி இருக்கிறது. நமக்கு இருப்பது ஒன்றரை, கோடையில் ஒன்று. அந்த ஒன்றையும் தின்றுவிடுவது வெல்லம். சர்க்கரை கிடைத்ததும் பாக்டீரியா வெறிபிடித்துப் பெருகும். ஒரு மின்வெட்டு வந்தால் போதும், வாளி மூச்சுத் திணறிவிடும். மாடியில் கறுப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் மதியக் குழாய்த் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாலே நான் சொல்வது விளங்கும். அதனால் விடியற்காலையில் தண்ணீரைப் பிடித்து நிழலில் வைப்பது நல்லது. குளோரின் கலந்த குழாய்நீர் என்றால் உரத்தை இறக்குமுன் ஒரு மணி நேரமாவது மோட்டாரை ஓடவிட வேண்டும். 20 லிட்டருக்கு அரைக் கிலோ உரம், இரண்டு காற்றுக்கல். மார்கழி, தையில் ஒரு ஸ்பூன் வெல்லமும் ஒரு முழு நாளும் தாங்கும். சித்திரை, வைகாசியில் வெல்லமே வேண்டாம். பொழுது சாய்ந்ததும் போட்டு விடிந்ததும் இறக்கிவிடலாம். மண்வாசனை வந்தால் சரி. புளித்தோ அழுகியோ வாடை அடித்தால் அது குப்பைக்குழிக்கு.

“பஞ்சகவ்யத்துக்கு மோட்டாரா வைக்கிறோம்? காலையும் மாலையும் கிளறினால் போதாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் ஊறவைத்துப் புளிக்கவைப்பது. தயிரும் வெல்லமும் வாழைப்பழமும் சேர்ந்து ஏறும் புளிப்பில், காற்று அதிகம் தேவைப்படாத லாக்டிக் பாக்டீரியாக்களும் ஈஸ்டுகளும் ஆட்சி செய்யும். அந்தப் புளிப்பே அழுகலைத் தள்ளிவைக்கிறது. வாரக்கணக்கில் ஊறியதை 100 லிட்டருக்கு 3 லிட்டர் என்று நீர்த்துத் தெளிக்கிறோம். கம்போஸ்ட் டீயில் அந்தப் புளிப்புக் காவல் கிடையாது. காற்று ஒன்றுதான் காவல். சாணமும் கோமியமும் தாராளமாகக் கிடைக்கும் வீட்டில் நான் பஞ்சகவ்யத்தையே சொல்வேன். மாடில்லாத வீட்டில், ஒரு தொட்டி மட்கு மட்டும் இருப்பவருக்குத்தான் இந்த மோட்டார் வேலை.

வெல்லத்தைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உரத்தில் சேர்ந்த சாணத்தில் நோய்க்கிருமி கொஞ்சம் மிஞ்சியிருந்தால் சர்க்கரை அதையும் சேர்த்தே வளர்க்கும். அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தர வாரியத்துக்காக 2004-ல் அறிக்கை தந்த நிபுணர் குழுவும் இத்தகைய சேர்மானங்களைப் பற்றி எச்சரித்தது. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி மேல் தெளிக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றுவது அதனால்தான். காஞ்சிபுரத்தில் கோயில் மாலைகளை மட்கவைத்து உரமாக்குகிறவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்: மல்லியும் ரோஜாவும் பூச்சிமருந்து நிறையப் பார்த்துவிட்டு வருபவை. நார் எது, பூ எது என்று தெரியாத அளவுக்கு மட்காததை வாளியில் போடக் கூடாது.

இதெல்லாம் செய்து பயன் உண்டா என்ற ஐயமும் எழும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட் போன்றவர்கள், நோயைத் தடுக்கும் என்ற பேச்சுக்குப் போதிய சான்று இல்லை என்று நெடுநாளாக வாதிடுகிறார்கள். ஒரு சோதனையில் கண்ட பலன் அடுத்ததில் காணாமல் போவதும் உண்மை. உரம் மாறினால் கரைசலும் மாறுகிறதே. எனவே சாம்பல்நோய்க்கு மருந்தென்று இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அரைக் கிலோ மட்கின் கரையும் சத்தை இருபது முப்பது தொட்டிகளுக்குப் பகிர்ந்து கொடுக்க இது உதவும், அவ்வளவே. கையில் மட்கு மிகுதியாக இருந்தால் நேராக மண்ணில் போடுங்கள். அதற்கு ஈடு எந்தக் கரைசலும் இல்லை. மோட்டாரை நிறுத்தினால் நான்கு மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டிய பொருள் இது. பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் கெடாது என்று விற்றால் வாங்காதீர்கள்.