மயக்க மருந்தும் குடும்ப சரித்திரமும்

1960ஆம் ஆண்டில், மெல்போர்ன் நகரத்து ஆஸ்பத்திரியொன்றில், மோட்டார் மோதிக் கால் எலும்பு முறிந்து கிடந்த 21 வயது வாலிபன், முறிந்த காலைக் காட்டிலும் தனக்குக் கொடுக்கப்படவிருந்த மயக்க மருந்தைக் குறித்தே அதிகமாகக் கலங்கினான் என்பதைப் படித்த நாள் முதல், அவன் நினைவு என் மனத்தை விட்டு அகலவில்லை.

அவனுடைய உறவினரில் 10 பேர் ஈதர் என்னும் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பின் மாண்டிருந்தார்கள். ஆகவே ஈதரை விலக்கி, ஹாலோத்தேன் என்னும் வேறொரு மயக்க மருந்தை எச்சரிக்கையுடன் செலுத்தியும், சிறிது நேரத்திற்கெல்லாம் ரத்த அழுத்தம் தாழ்ந்து, நாடி விரைந்து, தேகம் அனலாய்க் கொதிக்கவே, உடனே மருந்தை நிறுத்தி, பனிக்கட்டியால் குளிர்வித்து, அவனைப் பிழைக்க வைத்தார்கள். டென்பரோ, லவெல் என்னும் வைத்தியர்கள் அக்குடும்பத்தின் துயரத்தை ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதிய பிறகே, மயக்க மருந்தால் இவ்வாறு தேகம் கொதிப்பது பரம்பரைக் கோளாறு என்பது வைத்திய உலகுக்குத் தெளிவாயிற்று.

பிறவியிலேயே தசை பலவீனமுள்ள என் தங்கை மகனுக்குச் சத்திர சிகிச்சை நிச்சயமானபோது, மயக்க மருந்து டாக்டர் கேஸ் ஷீட்டை நிதானமாகப் புரட்டிவிட்டு, “உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்காம்மா?” என்று கேட்டார். தங்கை, புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி, பாட்டி வழி உறவுகள் வரை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்து சொன்னாள். அவரும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

இன்று அந்தக் கொதிப்பை முறிக்க டான்ட்ரோலீன் என்னும் மருந்து உண்டு. முன்கூட்டி அறிந்தால் ஆபத்தான வாயுக்களைத் தவிர்த்தே மயக்கம் கொடுக்கவும் இயலும். ஆதலால் அன்பர்களே, உங்கள் குடும்பத்தில் மயக்க மருந்தால் நேர்ந்த விபரீதம் எத்தனை பழையதாயினும், அதை எழுதி வையுங்கள். சிகிச்சைக்கு முன் தவறாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.