ரெண்டு சுவடு தூரம்

தக்கலையிலிருந்து உள்ளே பிரியும் சாலையில், ரப்பர் தோட்டம் ஒன்றை ஒட்டி இருக்கிறது அந்தக் களரி. தகரக் கூரை, செம்மண் தரை, சுவரோரம் சாத்திவைத்த கம்புகள், மூலையில் ஒரு விளக்கு. உள்ளே நுழைந்ததும் தைல வாசனை மூக்கில் ஏறுகிறது. பக்கத்து அறையிலேயே ஆசானின் வைத்தியசாலை. குமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையின் ஆசானும் வர்ம வைத்தியரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஒடிக்கத் தெரிந்தவரிடமே எலும்பைக் கட்டவும் வருகிறார்கள்.

2020-இல் 'பட்டாஸ்' படம் வந்த பிறகு அடிமுறையைப் படம்பிடிக்க வந்தவர்கள் நிறைய. எனக்கு வேறொன்று பார்க்க வேண்டியிருந்தது. களரியை விட்டு வெளியே போன பிறகு இவர்கள் தெருவில் எப்படி நடக்கிறார்கள், டீக்கடையில் எங்கே உட்காருகிறார்கள், ராத்திரி எப்படி வீடு திரும்புகிறார்கள்? போனில் இதைச் சொன்னபோது ஆசான் சிரித்துவிட்டார். "அதுல பாக்கதுக்கு என்ன சார் கெடக்கு? சரி, வாருங்க."

நான் போனது சாயங்கால வகுப்பு நேரம். பத்துப் பதினைந்து பேர் ஒற்றைச்சுவடு போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே ஆள் நிற்பதாக எண்ணிக்கொண்டு, தனியாக, நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பிக் காலெடுத்து வைக்கும் பயிற்சி. கை வீச்சைப் பார்க்க வந்தவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். பாதம் தரையை விட்டு அதிகம் எழும்புவதில்லை. மண்ணை உரசிக்கொண்டே நகர்கிறது. ஒரு பக்கம் அடித்து முடித்த கையோடு அடுத்த பக்கம் திரும்பியாக வேண்டும். மாதக்கணக்கில் இதையே செய்கிற உடம்புக்கு, முதுகுக்குப் பின்னால் இருக்கும் திசையும் தன்னுடைய பொறுப்பு என்று படிந்துவிடுகிறது.

எவ்வளவு தூரத்தில் ஒருவனைக் கவனிக்கத் தொடங்குவீர்கள் என்று ஆசானிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பையனைக் கூப்பிட்டார். "லேய், அந்தத் தெங்கு மூட்டுல போய் நில்லு." பிறகு என்னிடம் திரும்பி, "ஒங்க பாக்கெட்டுல இருந்து போன எடுங்க. இவன் ஓடி வருவான்" என்றார். தென்னை மரம் எனக்கு ஏழெட்டு மீட்டர் தள்ளி. கையைத் தட்டினார். என் விரல் போனைத் தொட்டபோது பையனின் உள்ளங்கை என் நெஞ்சில் இருந்தது.

இதே கணக்கை அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். 21 அடி தூரத்தை ஓர் ஆரோக்கியமான ஆள் ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான் என்பது அதன் சாரம். அவர் கவலை இடுப்புத் துப்பாக்கியை உருவ நேரம் இருக்குமா என்பது. நம் ஊரில் அந்த இடத்தில் மிளகு ஸ்பிரேயை வைத்துக்கொள்ளலாம். வைத்திருப்பது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கைப்பையின் அடியில், டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் கீழே கிடக்கிற ஸ்பிரே வெறும் மன ஆறுதல்தான்.

மறுநாள் காலை நாகர்கோவில் கோட்டாற்றில் மருந்துச் சாமான் வாங்க ஆசான் கிளம்பினார். கூடவே போனேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதுதான் அவர் நடையைச் சரியாகப் பார்க்க முடிந்தது. விறைப்பாகவும் இல்லை, சுற்றுமுற்றும் திருதிருவென்று விழிக்கவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிய, அறுபதைத் தாண்டிய ஒரு சாதாரண மனிதர். ஆனால் கட்டட முனை வந்தபோது சுவரை உரசித் திரும்பாமல், ஓரெட்டு வெளியே தள்ளிப் போய்த் திரும்பினார். கழிப்பறைச் சந்துக்கு முன்னாலும் அதே. முனைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பது, அங்கே போய்ச் சேருமுன் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சொல்லித்தராமல் இதைக் கவனிப்பது கடினம். கவனித்த பிறகு பார்க்காமல் இருப்பது கடினம்.

ஓர் ஆள் நேரே வந்து கேட்டார்: "அண்ணாச்சி, கன்னியாகுமரி பஸ் எங்கன நிக்கும்?" ஆசானின் இடது கால் அரை அடி பின்னால் போனது. வலது கை எழுந்து வழிகாட்டியது. கண் மட்டும் காட்டிய திசைக்குப் போகாமல் கேட்டவரிடமே இருந்தது. முகத்தில் சிரிப்பு. வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு எதுவுமே வித்தியாசமாகப் பட்டிருக்காது.

"அவரைச் சந்தேகப்பட்டீங்களா?"

"எதுக்கு? நல்ல மனுஷன்லா. நான் ரெண்டு சுவடு தூரத்துல நின்னேன், அவ்வளவுதான். நல்லவனுக்கு அதுனால நஷ்டம் ஒண்ணும் இல்லல்லா."

டீக்கடையில் எனக்கொரு பாடம் காத்திருந்தது. கதவைப் பார்த்து, சுவரில் முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவார் என்று எண்ணியிருந்தேன். சினிமா அப்படித்தான் பழக்கியிருக்கிறது. அவர் டீ மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றபடியே குடித்தார். "செவுத்துல சாஞ்சு இருந்தா ஓடதுக்கு வழி எங்கன இருக்கு? இங்கன ஆளும் இருக்கு, கொதிக்க வெள்ளமும் இருக்கு." ஓடுவதைப் பற்றி அவர் கூச்சமே இல்லாமல் பேசுகிறார். நான் சந்தித்த வேறு சில தற்காப்புக் கலைக்காரர்களிடம், குறிப்பாக இளைஞர்களிடம், இது கிடையாது. எங்கே போனாலும் வாசலை எண்ணுவது, ஒவ்வொருவர் இடுப்பையும் நோட்டம் விடுவது என்று ஒரு பாவனை. அது கவனம் மாதிரித் தெரிந்தாலும் பாதி ஆசை. எவனாவது வம்புக்கு வரமாட்டானா என்கிற ஆசை.

டீ குடித்த பிறகு, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலிருந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிடுங்க வருகிறவன் யாரைத் தேர்ந்தெடுப்பான் என்று கேட்டேன். நடையைப் பார்ப்பான் என்றார். ஊர்ப் பெரியவர்களின் வழக்கமான பேச்சு என்று தள்ளியிருப்பேன், பெட்டி கிரேசன், மாரிஸ் ஸ்டெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் செய்ததைப் படிக்காமல் இருந்திருந்தால். நியூயார்க் தெருவில் நடந்து போகிறவர்களைப் படமெடுத்து, தாக்குதல் வழக்கில் சிறையிலிருந்தவர்களிடம் போட்டுக்காட்டி, யாரைத் தாக்குவது சுலபம் என்று கேட்டார்கள். பதில்கள் பெருமளவு ஒத்துப்போயின. இயல்புக்கு மீறி நீண்ட அல்லது குறுகிய எட்டு, கையும் காலும் இசையாத அசைவு — இப்படி நடந்தவர்களே சுலபமான இரையாகத் தெரிந்தார்கள். உடம்பின் பருமனோ பலமோ அவர்கள் கண்ணில் முதலில் படவில்லை. ஒற்றைச்சுவடு மாற்றுவது இந்த நடையைத்தான் என்று எனக்குப் படுகிறது.

இனி பெண்கள். இங்கேதான் நான் எதிர்பாராதவை இருந்தன.

சாயங்கால வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அவர்களில் ஒருவர் நாகர்கோவில் மருத்துவமனையொன்றில் நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ். அவருடைய பழக்கங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்: வாகனம் எதிரே வரும் பக்கமாக நடப்பார், பைக்கில் பின்னாலிருந்து வந்து சங்கிலியை அறுப்பவனுக்கு வசதி கிடைக்காது. பை சுவர்ப் பக்கத் தோளில். ஹெட்போன் ஒரு காதில் மட்டும். வீட்டுச் சாவி கேட்டுக்கு முன்பே கையில். சாவியை விரலிடுக்கில் வைத்துக் குத்துவதற்கா என்றேன். "ஐயோ, கதவத் தொறக்கதுக்கு!" என்று சிரித்தார். இவற்றில் எதை இங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றையும் இல்லை என்றார். எல்லாம் காலேஜ் பஸ்ஸில் போன நாளிலேயே வந்துவிட்டவை.

ஆசானும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "பயலுவளுக்குத்தான் பாக்கச் சொல்லித்தரணும். பொம்பளப் பிள்ளைய பாத்துட்டுத்தான் வருது. அதுவளுக்குக் கத்தச் சொல்லித்தரணும்."

அதை அவர் சொல்லித்தரும் விதத்தைப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டும் சீடர் ஒருவரை அழைத்து, "நீ இவளுக்குச் சித்தப்பன். கல்யாண வீட்டுல நிக்கிய" என்றார். அவர் சிரித்துக்கொண்டே வந்து, "என்ன மக்ளே, சுகமா?" என்று நர்ஸின் தோளில் கை போட்டார். கை அங்கேயே நின்றது. அந்தப் பெண் நெளிந்தார். கையைப் பிடித்து முறிக்கும் பூட்டு அவருக்குத் தெரியும். பத்து நிமிடம் முன்பு இதே ஆட்டோக்காரரை அதில் மண்ணில் மடக்கியிருந்தார். இப்போது கை எழவில்லை. "எடுங்க சித்தப்பா" என்றார், சிரித்தபடி.

"சிரிக்காமச் சொல்லு" என்றார் ஆசான்.

மறுபடி செய்தார்கள். மறுபடி சிரிப்பு வந்தது. வாய்தான் பழக்கத்தில் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. "காலை எடு முதல்ல. தோளு தானா வரும்." அரை அடி பின்னால் போனார், பஸ் ஸ்டாண்டில் ஆசான் போன அதே அரை அடி. தோள் கையிலிருந்து நழுவியது. "கைய எடுங்க" என்ற குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. மூலையில் கம்பு சுற்றிக்கொண்டிருந்த பையன்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் நிஜமாகவே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இந்தப் பயிற்சிக்காகவே இந்தக் களரியை மற்ற பல இடங்களுக்கு மேலாக மதிக்கிறேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரே செய்தி: பதிவான வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். இருட்டுச் சந்துக்காகவே வடிவமைத்த பாடம் அங்கே என்ன செய்யும்? கனடாவில் சார்லின் சென் என்ற உளவியலாளர், முதலாண்டு மாணவியருக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி ஒன்றைக் கொடுத்துச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார். பாதி, ஆபத்தை அடையாளம் காண்பதும் தெரிந்தவர் என்பதால் வரும் தயக்கத்தை உடைப்பதும். பிறகுதான் வாயாலும் உடம்பாலும் எதிர்ப்பது. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு உள்ளானோர் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம். தப்பு செய்கிறவனைத் திருத்தும் வேலை இதனால் குறைந்துவிடாது என்பதை அந்த ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

வர்மத்தைப் பற்றிக் கேட்காமல் யாரும் இங்கிருந்து போவதில்லை. உடம்பில் 108 வர்மப் புள்ளிகள், அதில் 96 தொடுவர்மம், 12 படுவர்மம் என்பது மரபுக் கணக்கு. ஒரு விரல் தொட்டதும் ஆள் சாய்வது சினிமா. புதிதாகச் சேரும் பையன்கள் முதல் வாரமே "ஒரு வர்மம் மட்டும் ஆசானே" என்று நச்சரிப்பார்களாம். தெருவில் கை நடுங்கும், எதிராளி அசைந்துகொண்டிருப்பான், அந்த நேரத்தில் ஓர் இம்மி இடத்தைத் தேடுவாயா, ஓடுவாயா என்று திருப்பிக் கேட்பார். சொல்லித்தருவது பல வருடம் கழித்து, அதுவும் அடியின் பாதிப்பை நீக்கும் இளக்குமுறையோடு சேர்த்து. அடித்ததை எடுக்கத் தெரியாதவனுக்கு அடியும் கிடையாது.

சட்டம் தெரிந்த ஒருவரும் வகுப்பில் உண்டு, வக்கீல் குமாஸ்தா. தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. அவர் பையன்களுக்கு மனப்பாடம் செய்யவைத்திருப்பது 37-ஆம் பிரிவை. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் கூப்பிட வேண்டும். "அவன் ஓடுனா விட்டிரணும். தொரத்திப் போய் அடிச்சா நீதான் பிரதி." ஒரு பையனுக்கு இதில் மனத்தாங்கல். சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடினால்? திருட்டு பற்றி வேறு விதி இருப்பதை குமாஸ்தா விளக்கத் தொடங்க, நர்ஸ் குறுக்கே வந்தார். ஸ்கூட்டியில் போகும்போது சங்கிலியை இழுத்தால் பிடித்து இழுக்காமல் விட்டுவிட வேண்டும், விழுந்தால் மண்டை போய்விடும் என்று ஆசான் சொல்லியிருக்கிறார். "அஞ்சு பவுன் ஆசானே, எப்பிடி விடியது?" அதற்கு ஆசானிடம் பதில் இல்லை. போடாமல் வா என்றார், அவ்வளவு உறுதியில்லாத குரலில்.

வகுப்பு முடிந்து எல்லோரும் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தபோது ஆசானின் போன் ஒலித்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். வங்கியில் வேலை செய்யும் மாணவி பக்கத்தில் நின்றிருந்தார். அவரிடம் போனை நீட்டினார். "மக்ளே, கேஒய்சி முடிக்காட்டா கணக்க முடக்கிருவேன்னு ஒருத்தன் காலம்பறேயிருந்து கூப்பிடுகான். நல்ல மரியாதையாட்டுப் பேசுகான். ஒரு நம்பர் வந்திருக்காம், அதச் சொல்லணுமாம்."

"சொல்லிட்டேளா?"

"இல்ல. ஒங்கிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு."

அந்தப் பெண் போனை வாங்கினார், எண்ணைப் பிளாக் செய்தார், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைப் பதிந்து கொடுத்தார். "இனி எவன் கூப்பிட்டாலும் நாளைக்குக் கூப்பிடுன்னு சொல்லுங்க ஆசானே. அப்பிடிச் சொன்னா அவசரப்படுத்துவான். அவசரப்படுத்துனா வச்சிருங்க." ஆசான் சரி என்று தலையாட்டி, அவர் சொன்னதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.